கல் கேட்கும் கேள்வி

வரலாறு எதற்கு? வயிற்றுக்கு உதவுமா, வாழ்வுக்கு வழி காட்டுமா? ஊர் கேட்கிறது. கேட்பது குற்றமல்ல; அப்படிக் கேட்க வைத்திருக்கிறது காலம்.

பத்தாம் வகுப்பின் முடிவு வெளிவந்ததும், தாம்பரத்திலும் சேலையூரிலும், குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும், மேல்நிலைப் பள்ளிகளின் வாயிலிலே பெற்றோர் கூட்டம் திரளக் காண்கிறோம். மதிப்பெண் மிகுதியாக வாங்கிய பிள்ளைக்கு 'ஃபர்ஸ்ட் குரூப்'; சற்றே குறைந்த பிள்ளைக்குக் கணினி; அதனினும் குறைந்த பிள்ளைக்கு வணிகவியல்; எதுவுமே கிட்டாத பிள்ளைக்கு வரலாறு! ஏனைய கதவுகளெல்லாம் சாத்தப்பட்ட பிறகும் திறந்து கிடக்கும் கொல்லைப்புறக் கதவு! மேல்நிலைக் கல்வி தமிழகத்திலே தொடங்கியது 1978இல். அரை நூற்றாண்டை எட்டும் வேளையிலும் இந்த வரிசை மாறியபாடில்லை.

அந்தக் கதவு வழியே வரும் பிள்ளைகளுக்குத்தான் நாம் பாடம் சொல்கிறோம். யார் அவர்கள்? கட்டட வேலைக்குச் செல்லும் தந்தையின் மகன். நாலு வீட்டிலே பாத்திரம் துலக்கும் தாயின் மகள். தோல் பதனிடும் தொழிலிலே பாட்டன் உழைத்துக் கரைந்த குடும்பத்தின் கொழுந்து. வரலாற்று ஏட்டிலே பெயர் இடம்பெறாத குடும்பங்களின் பிள்ளைகள், வரலாறு படிக்க வந்து அமர்கிறார்கள்! அவர்கள் முன்னே எதை வைப்பது? இதுவே நம்மை உறுத்தும் கேள்வி.

'அரசுப் பணித் தேர்வுக்கு வரலாறு உதவும்' என்று பெற்றோருக்குச் சமாதானம் சொல்லலாம். சொல்கிறோம், பொய்யுமல்ல. ஆனால் அது வேலைவாய்ப்பைப் பற்றிய விடை. வரலாற்றைப் பற்றிய விடையன்று. உள்ளே இருக்கும் கேள்வி வேறு. அது அறத்தைப் பற்றியது. மாண்டு மறைந்தோருக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் என்ன? புகழா, உண்மையா? இரண்டும் ஒன்றாக நடக்கும் வரையிலே தொல்லையில்லை. புகழ் ஒரு பக்கமும் உண்மை மறு பக்கமும் இழுக்கும்போது, வரலாறு படிப்பவன் எந்தப் பக்கம் நிற்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு விடை தேட எகிப்துக்குப் போக வேண்டியதில்லை. ஏதென்சுக்கும் போக வேண்டியதில்லை. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்தொடர் வண்டி ஓடத் தொடங்கியது 1931இல். அந்தப் பாதையிலே இன்று நாள்தோறும் போய்வரும் இளைஞன், பல்லாவரம் நிலையத்திலே ஒரு நொடி வெளியே எட்டிப் பார்த்தால் போதும்.

அங்கே, 1863ஆம் ஆண்டு மே திங்கள் 30ஆம் நாள், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய இராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற 28 வயது இளைஞர், செம்புரைக்கல் சரளை தோண்டிய குழி ஒன்றிலே கிடந்த கல்லைக் கையிலெடுத்தார். பார்ப்பவர் கண்ணுக்குச் சரளைக் கல். அவர் கண்ணுக்கோ, கை பட்ட கல்! இயற்கை உடைத்த கல்லுக்கும், எண்ணம் உடைத்த கல்லுக்கும் வேறுபாடு தெரிந்த கண் அது. இருபுறமும் சில்லுச் சில்லாகப் பெயர்த்து, கூர் கண்டு, விளிம்பு கண்டு, பிடிக்க வாகாகச் செய்யப்பட்ட கருவி. பழைய கற்கால மனிதன் இந்திய மண்ணிலும் வாழ்ந்தான் என்பதற்கு முதற்சான்று, நம் பல்லாவரத்துக் குழியிலே கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில், அவரும் வில்லியம் கிங் என்பாரும், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்திலே மேலும் கருவிகளைக் கண்டனர்.

ஃபுட் என்ன செய்தார் என்பதைக் கவனியுங்கள், தோழர்களே! உலகம் ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்தான் படைக்கப்பட்டது என்று வேதநூலைக் கொண்டு கணக்கிட்டுச் சொல்லிவந்த சமுதாயத்திலே பிறந்தவர் அவர். பிரான்சு நாட்டிலே புஷே தெ பெர்த் என்பவர் இத்தகைய கற்களைக் காட்டியபோது, நெடுங்காலம் ஏளனமே அவருக்குக் கிடைத்த பரிசு. 1859இல்தான் அறிஞர் உலகம் ஒப்பியது. நான்கே ஆண்டுகள் கழித்து, அந்தச் செய்தியை மனத்தில் கொண்டு, கடல் கடந்த மண்ணிலே ஓர் இளைஞர் குனிந்து கல்லை எடுத்தார். ஏடு சொன்னதை விடுத்து, மண் சொன்னதைக் கேட்டார். பகுத்தறிவு என்பது இதுவன்றி வேறென்ன?

கதை இத்துடன் முடிந்திருந்தால் நமக்கு வேலையில்லை. பெருமை, கல்லைக் கண்டதும் ஓடி வருகிறது. 'பார்த்தீர்களா! உலகின் முதல் மனிதன் தமிழன்! அவன் பிடித்த கோடரி பல்லாவரத்திலே!' என்று மேடை முழங்குகிறது. கல்லுக்கும் மண்ணுக்கும் முந்தியவர் நாம் என்ற பழைய பெருமைப் பேச்சுக்கு, இதோ கல்லே சாட்சி என்கிறார்கள். கைதட்டல் கூரையைப் பிளக்கிறது. மாணவன் கைதட்டுகிறான், மகிழ்கிறான்.

கைதட்டல் ஓய்ந்தபின், கல்லைக் கேட்போம். உன்னைச் செய்தவன் யார்? கல் சொல்லும்: கையுடையவன், கணக்குடையவன், எந்தக் கோணத்தில் தட்டினால் எவ்வளவு பெயரும் என்று அறிந்தவன். அவன் பேசிய மொழி? கல் பேசாது. அவன் குலம்? கல் பேசாது. அவன் நாடு? நாடு என்ற ஒன்றே இல்லாத காலம் அது.

அத்திரம்பாக்கத்திலே சாந்தி பப்பு முதலான ஆய்வாளர்கள் பல்லாண்டு அகழ்ந்து, 2011இல் வெளியிட்ட முடிவு இது: அங்குள்ள தொன்மையான கருவிகளின் வயது, குறைந்த அளவு 10 லட்சம் ஆண்டுகளுக்கும் மேல், ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் என்று கொள்ளத்தக்கது. நம் போன்ற மனித இனத்துக்கோ, மொராக்கோ நாட்டு ஜெபல் இர்ஹூதிலே கிடைத்து 2017இல் வெளியான சான்றின்படி, வயது ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகள். அப்படியானால், அந்தப் பழங்கருவிகளைச் செய்த கை தமிழன் கையுமல்ல, ஆரியன் கையுமல்ல. நம் இனம் தோன்றுமுன் வாழ்ந்த வேறொரு மனித இனத்தின் கை! மொழிகள் பிறக்க இன்னும் எத்தனையோ லட்சம் ஆண்டுகள் கிடக்கின்றன. அந்தக் கை மீது நம் கொடியைக் கட்டுவது, அறிவுக்கும் பொருந்தாது. அந்தக் கைக்குச் செய்யும் மரியாதையுமாகாது.

இங்கே ஒரு தோழர் எழுந்து கேட்பார், கேட்கவும் வேண்டும். 'ஐயா ஆசிரியரே! காலமெல்லாம் இழிவு சுமந்த மக்கள் நாம். உனக்கு வரலாறே இல்லை என்று சொல்லிச் சொல்லிக் கூன் விழச் செய்தார்கள். நிமிர்வதற்கு ஒரு கைத்தடி வேண்டாமா? சற்று மிகைதான், இருக்கட்டுமே! அவர்கள் புராணம் பேசவில்லையா? நாம் மட்டும் ஏன் அளந்து பேச வேண்டும்?'

நேர்மையான கேள்வி, புறந்தள்ளக்கூடாது. இழிவு உண்மை. அதற்கு மருந்து வேண்டுவதும் உண்மை. ஆனால் கைத்தடி என்றாரே, அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். உளுத்துப்போன தடியை ஊன்றி நிற்பவன், தடியோடு சேர்ந்து விழுவான். கற்பனையல்ல, நடந்த கதை இரண்டுண்டு.

1912இல் இங்கிலாந்தின் சசெக்சுப் பகுதியிலே, பில்ட்டவுன் என்ற சிற்றூரில், ஆதிமனிதனின் மண்டையோடு கிடைத்தது என்று அறிவித்தார்கள். ஆதிமனிதன் ஆங்கிலேயன்! அந்நாட்டுக்கு எவ்வளவு பெருமை! பெருமை கண்ணை மறைத்தது. 41 ஆண்டுகள் மறைத்தது. 1953இல் உண்மை வெளியாயிற்று. மண்டையோடு பிற்காலத்து மனிதனுடையது. தாடையோ ஒராங்குட்டான் குரங்கினுடையது. பல்லை அரத்தால் தேய்த்து, எலும்புக்குச் சாயம் ஏற்றி வைத்திருந்தார்கள்! கற்றறிந்தோர் நிறைந்த நாடு, தான் நம்ப விரும்பியதை நம்பிற்று.

மற்றொன்று சப்பான் நாட்டிலே. புஜிமுரா சினிச்சி என்ற அகழாய்வாளர் தோண்டிய இடமெல்லாம் பழங்கற்கருவிகள்! ஐந்து லட்சம் ஆண்டு, ஆறு லட்சம் ஆண்டு என்று தொன்மை நாளுக்கு நாள் ஏறிற்று. அவருக்கு அந்நாட்டார் வைத்த பெயர் என்ன தெரியுமா? 'தெய்வக் கை'! 2000ஆம் ஆண்டு நவம்பரிலே, ஒரு நாளேடு படத்தோடு வெளியிட்டது: அந்தத் தெய்வக் கை, யாருமில்லா வேளையில், கற்களைத் தானே மண்ணில் புதைத்துக்கொண்டிருந்தது! உயர்நிலைப் பள்ளிப் பாடநூல்களில் ஏறிவிட்ட செய்தியை அழித்துத் திருத்த வேண்டியதாயிற்று. பாடம் படித்த பிள்ளைகளின் நெஞ்சிலிருந்து அழிப்பது எங்ஙனம்? அதைச் செய்த இரப்பர் எந்தக் கடையிலே கிடைக்கும்?

தெய்வக் கை என்ற சொல்லைக் கேட்டதும் நகைக்கிறோம். நகைக்கும் உரிமை நமக்கு உண்டா என்பதுதான் கேள்வி. தெய்வம் உண்டு என்போரிடம் சான்று கேட்கிறோம். புராணத்தை உரைகல்லில் உரைத்துப் பார்க்கிறோம். அதே உரைகல்லை நம் பொற்காலத்தின் மீது வைக்கும்போது கை நடுங்குமானால், நம்மிடம் இருப்பது பகுத்தறிவு ஆகாது. கட்சி மாறிய பக்தி! தராசு ஒன்றாக இருக்க வேண்டும். மாற்றான் பொருளை நிறுக்க ஒரு தராசு, நம் பொருளை நிறுக்க ஒரு தராசு வைத்திருப்பவனை வணிக வீதியிலே என்ன பெயரிட்டு அழைப்பர் என்பதை அறிவோம்.

ஒரே தராசைப் பிடித்தால் நமக்கு இழப்பா? கீழடியைப் பாருங்கள். 2015 முதல் அகழ்ந்தனர், மண்ணடுக்குகளை அளந்தனர், கரித்துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பினர், கி.மு. 6ஆம் நூற்றாண்டு என்ற காலத்தைத் தமிழக அரசின் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்டது. முதலில் அகழ்ந்த அமர்நாத் இராமகிருஷ்ணா 2023இல் அளித்த அறிக்கையை, 2025இல் திருத்தித் தருமாறு இந்தியத் தொல்லியல் துறை கேட்டபோது, அவர் தம் முடிவுகள் சான்றின் வழி வந்தவை என்று நின்றார். எதன் வலிவால் நின்றார்? முழக்கத்தின் வலிவாலா? அல்ல, அடுக்கின் ஆழமும், மாதிரியின் எண்ணும், ஆய்வகத்தின் விடையும் கொடுத்த வலிவால். அளந்து பேசியவனுக்குத்தான் அஞ்சாமல் பேச முடிகிறது. 'சற்று மிகைதான், இருக்கட்டும்' என்று நாம் வேறிடத்தில் சேர்க்கும் ஒவ்வொரு பொய்யும், கீழடி போன்ற மெய்யின் மீது மாற்றார் எறிய நாமே எடுத்துக் கொடுக்கும் கல்லாகும்.

இது பயன் கருதிய விடை. பொய் அகப்பட்டுக்கொள்ளும், ஆகவே பொய் வேண்டாம் என்பது. அகப்படாத பொய்யானால் ஏற்கலாமா? இங்கேதான் அறம் பேச வேண்டியிருக்கிறது.

தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்துக்கொள்வோம். இராசராசன் 1010இல் முடித்த கற்பனைக்கெட்டாத கட்டடம். நாமும் அண்ணாந்து பார்க்கிறோம், மெய் சிலிர்க்கிறோம். ஆனால் அண்ணாந்த கழுத்தைச் சற்றே தாழ்த்திச் சுவரைப் படித்தால், அங்கே வெட்டப்பட்டிருக்கிறது 'தீண்டாச்சேரி' என்ற சொல்! வரி நீக்கிய நிலங்களைக் கணக்கிடும் இடத்திலே, குளம், வாய்க்கால், சுடுகாடு என்ற வரிசையிலே, மனிதர் வாழ்ந்த சேரிகளும் வருகின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முன்னே தீண்டாமை இருந்தது என்பதற்கு, எதிரி எழுதிய சான்று அல்ல அது; அரசன் ஆணையால் அவன் கோயில் சுவரிலேயே எழுதிய சான்று.

உத்திரமேரூரை எடுத்துக்கொள்வோம். முதற் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள். குடவோலை முறை! ஓராண்டுப் பதவி, கணக்குக் காட்டாதவன் மீண்டும் நிற்க முடியாது, அவன் உறவினனும் முடியாது! இன்றைய பதவியாளர் சிலர் படித்து நாணத்தக்க விதி. பெருமைதான். ஆனால் குடத்திலே யார் பெயரைப் போடலாம்? கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். 35 வயதுக்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும்! சதுர்வேதிமங்கலத்துச் சபை அது. உழுதவன் பெயர் குடத்திலில்லை. குடம் வனைந்தவன் பெயரும் குடத்திலில்லை! 'அன்றே மக்களாட்சி கண்டோம்' என்று மட்டும் சொல்லி முடிக்கும் ஆசிரியர், அந்த உழவனை இரண்டாம் முறை ஊருக்கு வெளியே நிறுத்துகிறார்.

அகப்படாத பொய்யும் ஏன் ஆகாது என்பதற்கு விடை இதுவே. மிகையான புகழ், யாருக்கும் தீங்கில்லாத அலங்காரமன்று. பொற்காலம் என்று பூசும் ஒவ்வொரு பூச்சும், யாரோ ஒருவருடைய துயரத்தின் மேலே பூசப்படுகிறது. மாண்டவர் வழக்குத் தொடுக்க முடியாது. மறுப்பு அறிக்கை விட முடியாது. பேச முடியாதவனைப் பற்றிப் பேசுகையில் பொய் சொல்வது, கட்டிப்போட்டவனை அடிப்பதற்கு ஒப்பானது. இழிவு சுமந்த மக்களுக்குப் பெருமை வேண்டும் என்றாரே தோழர், அவருக்கு நாம் சொல்வது: அம்மக்களுக்கு முதலில் வேண்டியது சான்று. அரசனின் புகழ் அவர்களை மறைக்கிறது. அரசனின் கணக்கேடு அவர்களைக் காட்டிக்கொடுக்கிறது. ஆகவே கணக்கேட்டைப் படிப்போம்.

'அந்தக் காலம் அப்படி. இன்றைய அளவுகோலால் அளக்கலாமா?' என்பார் சிலர். காரணம் காட்டுவது வேறு, கழுவிவிடுவது வேறு. ஏன் அவ்வாறு நேர்ந்தது என்று நிலவுடைமையை, தொழிலை, சாத்திரத்தை ஆராய்ந்து சொல்வது வரலாற்றின் பணி. ஆராய்ந்த பிறகு 'ஆகவே குற்றமில்லை' என்று சேர்ப்பது, வரலாறு கேட்காத வக்காலத்து.

மீண்டும் பல்லாவரக் குன்றுக்கு வருவோம். அங்கே முதலாம் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டிலே குடைந்த குகைக் கோயில் இருக்கிறது. அவனுடைய பட்டப்பெயர்கள் பாறையிலே பொறிக்கப்பட்டிருக்கின்றன. இன்று அது இசுலாமியர் வழிபடும் தர்கா. நாட்டிலே ஒரு கூட்டம், 'முதலில் யாருடையது?' என்று கேட்டுக் கடப்பாரை தூக்கியதை 1992 டிசம்பர் 6ஆம் நாள் அயோத்தியிலே கண்டோம். அந்தக் கேள்வியைப் பல்லாவரத்திலே கேட்டால் என்ன ஆகும்? தர்காவுக்கு முன் பல்லவன். பல்லவனுக்கு முன், சுடுமண் பேழையிலே தம் இறந்தோரைப் புதைத்த மக்கள். அவர்களுக்கும் முன், பெயர் தெரியாத அந்தக் கைக்கோடரிக்காரன்! 'முதலில் வந்தவனுக்கே உரிமை' என்பது விதியானால், பட்டா அவன் பெயருக்குத்தான் எழுத வேண்டும். நாம் அனைவரும் மூட்டை கட்ட வேண்டியதுதான்! தொன்மை, அறிவுக்கு விருந்து. ஆனால் அடுத்தவனை விரட்ட அது ஆவணமாகாது. அவர்களுடைய கடப்பாரைக்கும் ஆகாது. நம்முடைய முழக்கத்துக்கும் ஆகாது.

அதே குன்றுகளின் பாறைக்கு நிலவியலார் இட்ட பெயர் சார்னோக்கைட். கல்கத்தாவிலே ஆங்கிலக் கம்பெனிக்குக் கால்கோள் இட்ட ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல், இந்தப் பரங்கிமலை, பல்லாவரம் பகுதிப் பாறையின் வகையைச் சேர்ந்தது. அதனை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து, 1893இல், கல்லறையில் கிடப்பவன் பெயரையே கல்லுக்குச் சூட்டினார். கல்லின் கீழே படுத்தவன் பெயர் கல்லுக்கு! கல்லை உடைத்தவன் பெயர்? பல்லாவரத்திலும் திரிசூலத்திலும் தலைமுறை தலைமுறையாகக் கல்லுடைத்த கைகள், எந்த நிலவியல் ஏட்டிலும் இல்லை. அந்தக் கைகளின் பேரப்பிள்ளைகள் நம் வகுப்பிலே, கடைசி வாங்கியிலே, 'வேறு குரூப் கிடைக்கவில்லை, சார்' என்று அமர்ந்திருக்கிறார்கள்.

அவர்களுக்கு எதைக் கற்பிப்பது? பதினோராம் வகுப்பு நூல் பழைய கற்காலத்தில் தொடங்குகிறது. பன்னிரண்டாம் வகுப்பு நூல் விடுதலைப் போரையும் இன்றைய உலகையும் பேசுகிறது. நூலில் குறையில்லை என்றே கொள்வோம். ஆண்டும் போரும் அரசன் பட்டியலும் நெட்டுருப் போட்டு, ஐந்து மதிப்பெண் விடையாகக் கக்கிவிட்டு, தேர்வு முடிந்த மாலையே மறப்பதற்கு வரலாறு என்று பெயரிட்டால், சோதிடனின் பஞ்சாங்கத்துக்கும் அதற்கும் வேறுபாடு என்ன?

ஒவ்வொரு பாடத்திலும் மூன்று கேள்வி கேட்கும் பழக்கத்தை அப்பிள்ளைகளுக்கு அளிப்போம். இது உனக்கு எப்படித் தெரியும்? இதை யார் எழுதினார், யாருக்காக? இதிலே யார் பெயர் விடுபட்டது? இம்மூன்றும் கைவந்த பிள்ளை, நாளைக்கு அரசியல் மேடையின் முழக்கத்தையும் இவ்வாறே கேட்பான். சாதித் தலைவன் அச்சிட்டு வழங்கும் குலப்பெருமைப் புத்தகத்தையும் இவ்வாறே புரட்டுவாள். நம்மையும் கேட்பார்கள், நம் இயக்கத்து ஏடுகளையும் கேட்பார்கள். கேட்கட்டும்! கேள்விக்கு அஞ்சும் கொள்கை, காப்பாற்றத் தகுந்த கொள்கையன்று.

இதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. தொடர் வண்டிச் சீட்டு ஒன்று போதும். பல்லாவரத்துக் குன்றைக் காட்டலாம். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லலாம். ஃபுட் சேர்த்த கருவிகள் 1904இல் அங்கேதான் சேர்ந்தன. குரோம்பேட்டை என்ற பெயர் குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது என்று சொல்லி, அங்கே உழைத்த பாட்டனார் இருந்தால் அவர் சொல்வதை எழுதிவரச் சொல்லலாம். சொன்னதைச் சொன்னபடி எழுதி, மற்றொருவர் சொன்னதோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் சொல்லலாம். பாட்டனார் சொன்னார் என்பதற்காகவும் சான்றுக்கு விலக்கில்லை!

தோழர்களே! புகழா உண்மையா என்று கேட்டோம். மாண்டவருக்குப் புகழால் ஆவதொன்றில்லை, அவர் கேளார். உண்மை, அவர் பெற முடியாது போன நீதியின் ஒரு சிறு பங்கு, அதையேனும் அளிக்கலாம். வாழ்பவருக்கோ, பொய்ப் பெருமை ஒரு மாலைப் பொழுதின் கைதட்டல். உண்மை, மறுநாள் காலையிலும் ஊன்றி நிற்கத்தக்க தரை.

கொல்லைப்புறக் கதவு வழியே வந்த அந்தப் பிள்ளைகள், கேள்வி கேட்கத் தெரிந்தவர்களாய் வெளியேறட்டும். அன்று தெரியும், எந்தக் கதவு தலைவாயில் என்று!